பழைய காருக்கு நாடி பார்ப்போமா?

"கார் ரிப்பேரா? அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! காரில் முதன்முதலாக நெடும் பயணம் போனவரே ஒரு பெண்மணிதான். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ் அம்மாள் தம் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கணவரிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர்! வழியில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஒயரின் மேலுறை தேய்ந்துவிட, காலுறையைக் கட்டும் பட்டையை எடுத்துச் சுற்றிச் சமாளித்தார் என்று சொல்வார்கள். ஆக, ஒயரிங் கோளாறைக் கவனிப்பது நமக்கொன்றும் புதிதல்ல.

எங்கள் வீட்டில் மாமனார் 1984-இல் வாங்கிய அம்பாசடர் இருக்கிறது. அந்த வண்டியைத் தயாரிப்பது 2014-இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் மூட்டுவலிக்காரரான மாமாவுக்கு அதில் ஏறி இறங்குவதுதான் சௌகரியம். மாதம் ஒரு முறை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போவோம், திரும்புவதற்குள் இருட்டிவிடும். போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு விசித்திரம். இடப்பக்க சிக்னலைப் போட்டால் அந்தப் பக்கத்துப் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக்கை அழுத்தினால் சிக்னலே நின்றுவிடும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நாம் நிற்கிறோமா, திரும்புகிறோமா என்று எப்படித் தெரியும்? வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஒரு பட்டறையில் காட்டினோம். "ஒயரிங் பூராவும் போச்சும்மா. புதுசா இழுக்கணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். மாமாவின் முகம் வாடிவிட்டது. "போட்டுடலாம்மா. நானும் அதுவும் இனிமே ஒண்ணுதான்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க மாமா, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

என் பிறந்தகத்துத் தெருவில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பெரியவர் அடிக்கடி சொல்வார்: "பாப்பா, பழைய வண்டியில சாமான் கெடறது கொஞ்சம், ஜாயிண்ட் கெடறதுதான் அதிகம்." இந்த ஒரு வாக்கியத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் செலவு மிச்சம்!

காரணம் சுலபம். மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டால் போதாது, திரும்பி வந்து சேரவும் வேண்டும். போகிற வழி ஒயர். வருகிற வழி வண்டியின் தகர உடம்பேதான்! அதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். மழையிலும் ஈரத்திலும் தகரம் துருப்பிடிக்கும். பித்தளைப் பாத்திரத்தில் ஏறுகிற மாதிரி ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். சிக்னலோடு பின்விளக்கு மினுக்கியது அதனால்தான்.

பரிசோதனைக்கு என்ன வேண்டும்? ஒரு 12 வோல்ட் பல்பு, ஹோல்டர், இரண்டு நீள ஒயர், முனைகளில் கிளிப். இதுவே டெஸ்ட் லாம்ப். கூடவே ஒரு துண்டு உப்புத்தாள். தொடங்குமுன் வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாம் பத்திரம்! பாட்டரி முனையையும் தகரத்தையும் மோதிரம் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

விளக்கு எரியவில்லையா? ஸ்விட்சைப் போட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைச் சுத்தமான தகரத்திலும், மறு முனையை விளக்குக்கு வருகிற ஒயரிலும் வையுங்கள். டெஸ்ட் லாம்ப் எரிந்தால் மின்சாரம் அதுவரை வருகிறது என்று அர்த்தம். பல்பும் நல்லதாக இருந்து விளக்கு எரியாவிட்டால் எர்த்தைச் சந்தேகியுங்கள். விளக்கின் கூட்டிலிருந்து நல்ல தகரத்துக்குத் தனியாக ஓர் ஒயரைத் தொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிகிறதா? வியாதி பிடிபட்டது! எங்கள் வண்டியில் நடந்ததும் இதுவே. டிக்கிக்குள் இடப்பக்க விளக்கின் போல்ட்டைக் கழற்றினால் துரு அப்பிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. மாமா இரண்டு முறை பிரேக்கை அழுத்தச் சொல்லி, பின்னால் போய்த் தாமே பார்த்துக்கொண்டார்.

ஹெட்லைட் மங்கலா? வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே சாதாரண பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே பல்பை மாற்றுவதற்கு முன் எர்த்தையும் ஜாயிண்டுகளையும் சுத்தம் செய்யுங்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? ஓர் ஒயர் எங்கேயோ உரசி, தகரத்தைத் தொடுகிறது. எலி கடித்திருந்தாலும் கடித்திருக்கும். அந்த ஃப்யூஸில் ஓடுகிறவற்றை எல்லாம் அணைத்துவிட்டு, ஃப்யூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். பிரகாசமாக எரியும். ஒயர்களை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே அசைக்கும்போது லாம்ப் அணைகிறதோ அங்கேதான் கோளாறு. சாவியை ஆனில் வைத்துப் பார்க்க நேர்ந்தால் வெகு நேரம் வைக்காதீர்கள், காயில் சூடாகும். ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் அட்டையின் ஜிகினாத்தாளையோ கம்பியையோ சுற்றவே சுற்றாதீர்கள். ஃப்யூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். பிறகு வண்டியே எரியும்.

காலையில் பாட்டரி காலியா? வண்டியின் உடம்போடு சேர்கிற பாட்டரி ஒயரைக் கழற்றி, அதற்கும் பாட்டரி முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளையும் சாத்திய பிறகு லாம்ப் எரிந்தால் ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க மின்சாரத்தைக் குடிக்கிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தால் லாம்ப் அணைகிறதோ, திருடன் அந்தப் பக்கம்! கடிகாரமோ ரேடியோவோ இருந்தால் முதலில் அவற்றின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முழு சார்ஜ் உள்ள பாட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. டைனமோ வைத்த வண்டியானால் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திப் பாருங்கள்.

பாட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நம் அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடிகள் வழியாக உள்ளே ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. நன்றாகத் துடைத்து, இறுக்கி மாட்டிய பிறகு வாஸலினைத் தடவிவிடுங்கள். உடம்போடு சேர்கிற ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. கருகிய வாசனை வந்தாலோ, ஒயர் உறை விறைத்து அப்பளமாக நொறுங்கினாலோ, நம் வைத்தியம் போதாது. அப்போது புது ஒயரிங்தான் சரி. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் டெஸ்ட் லாம்பைத் தொடவே கூடாது, உள்ளே இருக்கிற நுண்ணிய சாமான்கள் கெட்டுவிடும். மற்றபடி, பட்டறைக்குப் போனால், "எர்த் பார்த்தீங்களா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அப்புறம் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்!

அடுத்த இதழில் மழைக்காலத்தில் வைப்பர் படுத்தும் பாட்டைப் பார்ப்போம். வரட்டுமா?