வரைபடம் யார் கண்ணுக்கு?

மும்பை மாநகராட்சி கட்டட அனுமதிக்கு ‘ஆட்டோ டிசிஆர்’ என்னும் கணினி மென்பொருளைக் கொண்டு வந்தது. தளப்பரப்பு, உயரம், சுற்றிலும் விட வேண்டிய இடம் ஆகியவை விதிக்கு உட்பட்டவையா என்று அது வரைபடத்தை அளந்து பார்த்துச் சொல்லும். கோப்பு மேசைக்கு மேசை தூங்கும் காலம் குறையுமானால், நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அம்மனையில் இன்று குடியிருப்பவர் யார் என்று கணினி கேட்பதில்லை. குடிசைப் பகுதித் திட்டங்களுக்கு அனுமதி தருவது தனி ஆணையம். அங்கே எந்தக் கணினி அமர்ந்தாலும் நம் கேள்வி இதுதான். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 51 விழுக்காட்டினர் இசைந்தாலே தனியார் கட்டுநர் திட்டத்தைத் தொடங்கலாம். தகுதியுள்ள குடும்பத்துக்கு 300 சதுர அடி வீடு. இசைவுக் கையெழுத்துப் போடுகிற நம் மக்களில் எத்தனை பேர் வரைபடத்தைக் கண்டார்கள்?

ரயில்வே முன்பதிவு 1980களில் கணினிக்கு மாறியது. தரகர் ஒழிந்துவிடவில்லை. ஆனால் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு தன் டிக்கெட்டின் நிலையைப் பயணியே அறிய வழி பிறந்தது. நமக்குக் கிடைத்த நன்மை அதுவே.

குடிசைவாசிக்கும் அவ்வுரிமை வேண்டும். வரைபடம், கணினியின் அறிக்கை, தகுதிப் பட்டியல் மூன்றையும் குடியிருப்பிலேயே ஒட்டுக! மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் விளக்குக!

தோழர்களே, தாய்மார்களே! கையெழுத்துக் கேட்டு வருவோரிடம் முதலில் வரைபடத்தைக் கேளுங்கள். காட்டாதவர்க்குக் கையெழுத்து இல்லை!