வாடகை வாங்குகிறவருக்கும் கடமை உண்டு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலை 9ஆம் தேதி நம் திருப்பூர் எம்.ஜி.ஆர். நகரில் சிலிண்டர் வெடித்து 42 தகர வீடுகள் எரிந்து போயின. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம் சொந்தத்திலேயே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "சிலிண்டரைச் சரியா வெக்காதது அவங்க தப்பு. எடம் குடுத்தவர் என்னங்க பண்ணுவாரு?"

தீ எங்கே பிடித்தது என்பது ஒரு கேள்வி. ஒரு வீட்டுத் தீ 42 வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் குடியிருந்தவர் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்வி, தகரத்தை அடித்து நெருக்கி நெருக்கிக் கட்டி வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் உரியது. என்னிடம் படித்தவர்களில் லைன் வீடு கட்டி விட்டிருப்பவர்கள் இருக்கிறீர்கள். அதே லைன் வீட்டில் குடியிருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு பழைய மாணவியைப் பார்க்கப் போயிருந்தேன். டைலர் வேலை, ஒன்றரை ஷிப்ட். சிமெண்ட் சீட் போட்ட ஒற்றை அறை. பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. சாக்கடை வாசலை ஒட்டித் தேங்கி நிற்கிறது. ஒயர் சுவரில் தொங்குகிறது, மழை பெய்தால் சுவரைத் தொட்டாலே சுர்ரென்கிறதாம். "சொல்லிப் பாத்தயா அம்மணி?" என்றேன். "சொன்னா காலி பண்ணச் சொல்லுவாங்க சார்" என்றாள். ஆனால் வாடகை மட்டும் 5ஆம் தேதி தாண்டக்கூடாது.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் பையர் ஆடிட் வந்தால் தீயணைப்பான் எங்கே, அவசர வழி எங்கே, குடிக்கிற தண்ணீரைச் சோதித்தீர்களா என்று வெள்ளைக்காரன் தாள் வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறான். 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கும் மேலானவர்கள் செத்த பிறகு இந்தக் கெடுபிடி கூடியது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் ராத்திரி படுக்கிற இடத்துக்கு எந்த ஆடிட்டும் கிடையாது.

கிடையாது என்று நினைக்கிறோம். சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் தமிழ்நாடு அரசு 2017இல் கொண்டுவந்த சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையது. உரிமையாளர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே பழுது பார்த்துச் செலவை வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் போகாமல். குடியிருக்கவே முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் செய்யவில்லை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம், அல்லது வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தி மிரட்டவும் கூடாது. அட்வான்ஸ் கூட, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாதவரை, மூன்று மாத வாடகைதான்.

இத்தனைக்கும் வாசல் எழுத்து ஒப்பந்தம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். லைன் வீட்டில் யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் அட்வான்ஸும், அதுவும் வீட்டுக்காரர் கையில். சட்டம் போட்டவர்கள் இந்த ஊரை ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம். ஆனாலும் ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம். சாக்கடை தேங்கி நோய் பரப்பினால் சுகாதார அலுவலர் உரிமையாளருக்கு நோட்டீஸ் விட்டுச் சரிசெய்ய வைக்கலாம். மாநகராட்சியில் எழுத்தில் மனுக் கொடுங்கள், பத்துப் பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

"இந்த வாடகைக்கு இவ்வளவுதான் முடியும்" என்கிறார் என் சொந்தத்தில் ஒருவர். கணக்குப் போடுவோம் மாப்பிள்ளை. பத்து வீடு, வீட்டுக்கு 3,500. மாதம் 35,000, வருஷம் 4,20,000. அதில் ஒரு கதவும் நல்ல ஒயரும் போட முடியாதா? "வடக்கத்திக்காரங்களுக்கு இது போதும்" என்பது அடுத்தது. மதுரை, தேனியிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் முன்பு இதையேதான் சொன்னீர்கள்.

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு: 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். மழையில் பக்கத்து இடத்துச் சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். அது வாடகை விவகாரம் அல்ல, தெரியும். ஆனால் அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே சொன்னோம் என்றார்கள் அந்த மக்கள். அதற்கு முந்தைய நாள் வரை அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை.

ஒப்பந்தமோ மனுவோ எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். லைன் வீட்டுக்காரர்களும் வரலாம். உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.