விடுவதும் ஒரு விடையே!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்ற பேச்சு நம் கல்லூரியில் எழும்போதெல்லாம் நான்கைந்து விடைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எம்.எஸ்ஸி., பி.எட்., வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு என்பவையே அவை. யாரேனும் மேலாண்மைப் படிப்பு என்று சொல்லிவிட்டால், "அதெல்லாம் பொறியியல் படித்தவர்களுக்கு, பணம் படைத்தவர்களுக்கு" என்று அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்த முடிவு சரிதானா என்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பெற்றன. 1973இல் பெங்களூரில் ஒன்று வந்தது. 2011இல் நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. இக்கழகங்களில் முதுநிலை மேலாண்மை பயில, 'கேட்' எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். பெரும்பாலும் நவம்பர் இறுதியில் கணினி வழியே நடைபெறும் இத்தேர்வுக்குத் தகுதி என்ன? ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டமும் அதில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் போதும். பட்டியலின, பழங்குடி மாணவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 விழுக்காடு. இறுதியாண்டில் படிப்போரும் எழுதலாம். படித்தது இயற்பியலா, வரலாறா, தமிழா என்பது தடையாவதில்லை. பொறியியல் அல்லாத படிப்பினர்க்கும் பெண்களுக்கும் நேர்காணலுக்கு அழைக்கும் கட்டத்தில் கூடுதல் மதிப்பெண் வழங்கும் கழகங்களும் உள்ளன. ஆகவே வாசல் நமக்கு அடைக்கப்படவில்லை. நாம்தான் அதன் பக்கம் போவதில்லை.

அப்படியானால் நமக்குத் தடையாக நிற்பது எது? ஆங்கிலமா? பணமா? இரண்டும் தடைகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது நாம் தேர்வு எழுதப் பழகிய விதம் என்பதே என் கருத்து.

பருவத்தேர்வுக்கு நாம் எப்படித் தயாராகிறோம்? ஐந்து அலகுகளில் இரண்டைச் 'சாய்ஸில்' விடுகிறோம். மிச்சத்தில் பத்துப் பதினைந்து 'முக்கிய' வினாக்களைக் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறோம். தேர்வுக் கூடத்திலோ, எதையும் விடாமல் எழுது, தெரியாவிட்டாலும் பக்கத்தை நிரப்பு என்பதே நமக்கு வழிவழியாகக் கிடைத்த அறிவுரை. அதாவது, படிக்கும்போது விட்டுவிடுகிறோம், எழுதும்போது விடுவதில்லை. 'கேட்' தேர்வு கேட்பது இதற்கு நேர் எதிரானது. படிக்கும்போது எதையும் விடக்கூடாது. எழுதும்போது பலவற்றை விடத் தெரிய வேண்டும்.

இதைக் கணக்கிட்டே காட்டலாம். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் மொத்தம் 68 வினாக்கள். ஆங்கிலத்தில் 24, தரவும் தருக்கமும் சேர்ந்த பகுதியில் 22, கணிதத்தில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடமே. ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். விடையை நாமே தட்டச்சு செய்யும் வினாக்களுக்கு மட்டும் இந்தக் குறைப்பு இல்லை.

இப்போது இரு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். கணிதப் பகுதியின் 22 வினாக்களும் தேர்ந்தெடுக்கும் வினாக்களே எனக் கொள்வோம். முதலாமவர் 22 வினாக்களையும் தொட்டு, 11 சரியாகவும் 11 தவறாகவும் செய்கிறார். அவர் பெறுவது 33இல் 11 போக 22 மதிப்பெண். இரண்டாமவர் 12 வினாக்களை மட்டுமே எடுத்து, 10 சரியாகவும் 2 தவறாகவும் செய்கிறார். அவருக்கு 30இல் 2 போக 28. பத்து வினாக்களைத் தொடாதவர், அனைத்தையும் தொட்டவரை முந்திவிட்டார்! கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாக்களுக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 3 கிடைக்கும். மூன்று தவறாகி அந்த 3 போய்விடும். கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை; நேரமும் வீண். அதே சமயம், நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று கண்டுகொண்டால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பது இலாபமே. எதை எடுப்பது, எதை விடுவது என்ற இந்தத் தெளிவுதான் தேர்வின் உயிர்நாடி. நாளை நிர்வாகியாக அமரப் போகிறவருக்கும் அதுதானே வேலை?

'சதமானம்' என்பதைச் சதவிகிதம் என்று எண்ணி அஞ்சுவோரும் உண்டு. 99 சதமானம் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் அன்று. எழுதியவர்களில் 99 விழுக்காட்டினர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதே பொருள். 2024இல் ஏறத்தாழ 2,93,000 பேர் எழுதினர். அதில் 99 சதமானம் பெற்றவருக்கு மேலே சுமார் 2,900 பேர் இருந்தனர் எனலாம். மொத்த மதிப்பெண்ணில் பாதியை எட்டாதவர்களே 99 சதமானத்தைத் தொட்ட ஆண்டுகளும் அண்மையில் உண்டு. முழுமை வேண்டியதில்லை, தேர்ந்தெடுத்த வினாக்களில் பிழையின்மை வேண்டும்.

இனி, தயாரிப்புக்கு வருவோம். கணிதப் பகுதியில் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்துக் கணக்குகளே: விகிதம், விழுக்காடு, வேலையும் நேரமும், தூரமும் வேகமும், இயற்கணிதம், வடிவியல். ஒரு பொருளின் விலையை 25 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு இறக்கினால் என்ன ஆகும்? ஐந்தில் நான்கும் நான்கில் ஐந்தும் பெருகினால் ஒன்று என்று காண்பவருக்கு, பழைய விலையே என்பது நொடியில் தெரியும். சூத்திரத்தைத் தேடுபவருக்கு ஒரு நிமிடம் போகும். தருக்கப் பகுதியில் ஓர் அட்டவணையையோ நிபந்தனைகளையோ கொடுத்து நான்கைந்து வினாக்கள் கேட்பார்கள். ஒரு தொகுப்பு பத்து நிமிடத்தையும் விழுங்கிவிடும். ஆகவே எல்லாத் தொகுப்புகளையும் முதலில் ஒரு முறை பார்த்துவிட்டு, எளியவற்றை எடுக்கப் பழக வேண்டும். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிகாரத்தை முன்னால் வைத்து அவற்றைச் செய்து பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை.

ஆங்கிலம் வேறு. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. 24 வினாக்களில் 16 நான்கு உரைநடைப் பகுதிகளைப் படித்து விடையளிப்பவை. தத்துவம், பொருளியல், மானிடவியல், அறிவியல் என எதுவும் வரலாம். தமிழ்வழியில் படித்து வந்த நம் போன்றோர்க்கு இது நியாயமா என்று கேட்டால், முழுதும் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். நிர்வாகத் திறமை ஒரே மொழியில்தான் விளங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தேர்வு மாறும்வரை நாம் காத்திருக்க முடியுமா? நாள்தோறும் ஒரு மணி நேரம், நூலகத்தில் ஆங்கில நாளேட்டின் தலையங்கமோ ஓர் அறிவியல் கட்டுரையோ படித்து, அதன் சாரத்தை நான்கு வரியில் எழுதிப் பார்க்கலாம். இரண்டாமாண்டில் தொடங்கினால் பயன் தரும். மூன்றாமாண்டு அக்டோபரில் தொடங்கினால் தராது.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்கே 2024இல் 2,500 ரூபாய்; பட்டியலின, பழங்குடி மாணவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,250. பழைய கழகங்களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 இலட்சத்தைத் தாண்டுகிறது. கேட்டதும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்த வித்யாலட்சுமித் திட்டத்தில், சிறந்த நிறுவனங்களில் இடம் பெற்றவர்க்குப் பிணையமும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. கடன் சுமைதான்; யோசித்தே முடிவெடுக்க வேண்டும். அந்த யோசனை இடம் கிடைத்தபின் வரட்டும். எழுதும் முன்னரே வேண்டாம் என்று ஒதுங்குவது ஏன்? அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வு வழியாகத் தமிழகத்துக் கல்லூரிகளிலும் எம்.பி.ஏ. சேரலாம். அதிலும் தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். வங்கித் தேர்விலும் கால் மதிப்பெண் குறையும். விடத் தெரிந்துகொண்ட பயிற்சி எங்கும் வீண்போகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எந்தத் தேர்வு எப்போது வருகிறது என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. இங்கே பலரின் நிலையும் அதுவே. நகரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் சொல்லை எங்களுக்குக் கல்லூரிதான் சொல்ல வேண்டும். உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒவ்வொன்றிலும் பாடக்குறிப்பில் இல்லாத ஒரு வினா கேளுங்கள். வாரம் ஒரு ஆங்கிலப் பாட வேளையில், முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் படிக்கத் தாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நூலகம் திறந்திருக்கட்டும். இவற்றுக்கு அரசாணை தேவையில்லை, செலவும் அதிகமில்லை.

தோழர்களே! எழுதுகிற அனைவருக்கும் இடம் கிடைத்துவிடாது. ஆயினும் அறியாத வினாவைக் கண்டு அஞ்சாமல் நின்று, இது என்னால் முடியும், இது முடியாது என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால், அதை எந்தத் தேர்வு முடிவும் நம்மிடமிருந்து பறிக்க இயலாது. தேர்வில் வினாக்களை விடுவோம். தேர்வையே விட்டுவிட வேண்டாம்.