குற்றவாளியைத் தேட முதல் ஒரு ஹோஸைக் கழட்டிப் பாருங்கோ

எஞ்சின் செய்து ரெண்டு கிழமைதான் ஆகுது, வானுக்குப் பின்னால நீலப்புகை. எங்கட பட்ச்சை ஒவ்வொரு பயணத்துக்கும் ஏத்திக்கொண்டு போற அண்ணையின்ர கேடிஎச் வான் அது. கடன் வாங்கி எஞ்சினை இறக்கி, போர் அடிச்சு, புது ரிங் போட்டு ஏத்தினவர். இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டினால் உள்ளுக்கு ஒயில் வடிஞ்சு கிடக்குது.

கராஜ்காரர் சொன்னார், "டர்போ போட்டுது." டர்போ செய்யிறவர் சொன்னார், "டர்போவில ஒரு பிழையும் இல்லை, ரிங்தான் சரியா இருக்கேல்லை." போர் அடிச்ச லேத்காரர் சொன்னார், "எங்கட அளவு சரி, பூட்டின ஆளைக் கேளுங்கோ." மூன்று பேரும் மூன்று பக்கம் கைகாட்டினார்கள். ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. அண்ணை இன்னொரு டர்போ வாங்கிப் பூட்டினார். புகை அப்படியே இருந்தது. அடுத்த யோசனை, எஞ்சினைத் திரும்ப இறக்குவது.

நாங்கள் கலைப்பீடம். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் ஆதாரம் இல்லாமல் முடிவு எழுதினால் எங்கட அசைன்மென்ட்டுக்கே புள்ளி வராது. ஒரு மனிதனின் பிழைப்பு தொங்கும் இடத்தில் மட்டும் ஊகம் ஏன் போதுமாக இருக்கிறது என்பதுதான் எங்களுடைய கேள்வி.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இதைத்தான் 'புளோ பை' என்கிறார்கள். எந்த எஞ்சினிலும் இது கொஞ்சம் உண்டு. புது ரிங் போட்ட எஞ்சினில் ஆரம்பத்தில் கூடுதலாகவும் இருக்கலாம், ஏனென்றால் சுவரோடு ரிங் தேய்ந்து படிய வேண்டும். 'புது எஞ்சின், பதமா ஓடவேணும்' என்று மணிக்கணக்காக ஐட்லிங்கில் விடுவது பிழை. பாரம் இல்லாவிட்டால் ரிங்கைச் சுவரோடு அழுத்தும் அமுக்கம் போதாது. சுவர் வழுவழுப்பாகிவிட்டால் பிறகு ரிங் படியவே படியாது.

இறங்கிய வாயு பிறீதர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குத் திரும்பிப் போகிறது. புளோ பை கூடினால் அதோடு ஒயிலும் போகும். டர்போ கெட்டாலும் ஒயில் அதே இன்டர்கூலருக்குள்தான் வரும். ஆகவே இன்டர்கூலரில் ஒயில் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அதற்குப் போகும் ஒயில் அமுக்கத்தோடு போகிறது. திரும்பி வருவதோ சும்மா கீழ்நோக்கி வழிந்துதான். அந்தத் திரும்பும் பைப் அடைபட்டாலோ, மடிந்தாலோ, கிராங்க் கேஸில் அமுக்கம் கூடினாலோ ஒயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் இரண்டு பக்கத்தாலும் கசியும். நல்ல டர்போவும் கெட்ட டர்போ மாதிரி நடிக்கும். மறுபக்கம், டர்போவின் சீல் தேய்ந்தால் அந்தப் பைப் வழியாகவே வாயு இறங்கி, நல்ல ரிங்கும் கெட்ட ரிங் மாதிரித் தெரியும்.

அப்ப என்ன செய்யலாம்? செலவு குறைந்ததில் இருந்து தொடங்கவேண்டும். ஒயில் மட்டம் கூடவா என்று பார்ப்பதற்குக் காசே தேவையில்லை. பிறகு பிறீதர் ஹோஸைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, காற்றுக் குழாயின் ஓட்டையைத் தூசி போகாமல் மூடி, இன்டர்கூலர் ஹோஸைத் துடைத்துவிட்டு ஓடிப்பார்க்கலாம். போத்தலில் ஒயில் சேர்ந்தால் பிரச்சினை கிராங்க் கேஸ் பக்கம். போத்தல் காய்ந்திருக்க ஹோஸ் திரும்ப நனைந்தால் டர்போ பக்கம்.

அடுத்தது, கண்ணாடி போலத் தெரியும் ஒரு ஹோஸை யூ வடிவில் வளைத்து, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஒயில் டிப்ஸ்டிக் குழாயில் மாட்டுவது. பிறீதர் பழையபடி பூட்டியிருக்க வேண்டும். எஞ்சினை ரேஸ் பண்ணும்போது தண்ணீரைத் தூக்கி எறிந்தால் உள்ளே அமுக்கம் இருக்கிறது. அப்போதும் முதலில் பிறீதர் அடைபட்டதா என்று பாருங்கள். ஒயில் மூடியைக் கழற்றி வைத்து அது ஆடுவதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது போதாது. நல்ல டீசல் எஞ்சினிலும் அது கொஞ்சம் ஆடும்.

அதற்கும் பிறகுதான் சிலிண்டருக்குள் காற்றடித்துப் பார்ப்பது. காற்று ஒயில் மூடிப் பக்கம் வந்தால் ரிங், சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸோஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ரிங் என்று இப்படி உறுதியான பிறகு எஞ்சினை இறக்கினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

அண்ணையின் வானில் என்ன நடந்தது? வயதான ஒரு மெக்கானிக் ஐயா இந்தப் போத்தல் வேலையைச் செய்தார். போத்தலில் ஒன்றுமில்லை. ஹோஸ் நனைந்தது. ரெண்டு டர்போவும் ஒரே மாதிரிக் கெட்டிருக்காது என்று சொல்லித் திரும்பும் பைப்பைக் கழற்றினார். கேஸ்கட்டுக்குப் பூசிய சிலிக்கன் உள்ளே பிதுங்கி ஓட்டையை முக்கால்வாசி மூடியிருந்தது. சுரண்டி, புது கேஸ்கட் போட்டார். பழைய ஒயில் எரிந்து முடியப் புகை நின்றது. ரிங்கும் சரி, போரும் சரி, முதல் டர்போவும் சரி.

கராஜ்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்தக் காலம் முழுக்க இந்த நாட்டின் பழைய எஞ்சின்களை ஓடவைத்தது அவர்களுடைய கைகள். ஆனால் நாங்கள் சாமானுக்குக் காசு குடுக்கிறோம், பூட்டக் கூலி குடுக்கிறோம், பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்கு மட்டும் குடுக்கமாட்டோம். "சும்மா ஒருக்கா பாருங்கோ அண்ணை" என்போம். சும்மா பார்த்தால் சும்மா பதில்தான் வரும். அரை நாள் சோதனைக்கான கூலி ரெண்டாவது டர்போவின் விலைக்குக் கிட்டவும் வராது.

ஆகவே எஞ்சின் செய்யக் குடுக்கிறவர்கள் போர் அளவையும் ரிங் இடைவெளியையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கோ. புகை வந்தால், கழட்ட முதல் என்ன சோதித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கோ, அந்தச் சோதனைக்குக் காசும் குடுங்கோ. தள்ளிப்போடவும் வேண்டாம். டர்போ வழியாக ஒயில் கூடுதலாகப் போனால் டீசல் எஞ்சின் அந்த ஒயிலிலேயே ஓடத் தொடங்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த வானுக்குள் இருக்கப்போவது நாங்கள்தான்.