உள்ளே என்ன இருக்குன்னு எனக்கெப்படிங்க தெரியும்?

கார் பந்தயத்தில் இன்ஜினோடு மாட்டிக்கொண்டவர்கள் சொல்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “இன்ஜின் நான் கட்டலைங்க. காசு கொடுத்து வாங்கினேன். உள்ளே என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிளப் இந்தப் பதிலை என்றைக்கு ஏற்றுக்கொள்கிறதோ, அன்றைக்கே அந்தப் பந்தயத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

எந்தப் பந்தயம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெக் கிளாஸ் என்று ஒரு வகை உண்டு. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே டயர், ஒரே மாதிரி இன்ஜின். கோவை செட்டிபாளையத்தில் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் ஓடிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன வகுப்பு ஸ்பெக் மியாட்டா. மாஸ்டாவின் சின்ன ரெண்டு சீட் கார்தான் மியாட்டா. பழைய 1.6 லிட்டர் மாடல் ஷோரூமிலிருந்து வந்தபோது அதன் சக்தி 116 குதிரைத்திறன். பின்னால் வந்த 1.8 லிட்டர் மாடல்களும் அதோடு சேர்ந்து ஓடுகின்றன. வித்தியாசத்தை எடையாலும், காற்று உள்ளே போகிற வழியில் வைக்கும் துளைத்தகடாலும் சரிக்கட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். சனி ஞாயிறு வந்தால் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இவர்கள் காசு கொடுத்து வாங்குவது வேகத்தை இல்லை. அதே காசுக்கு இதைவிட வேகமான கார் கிடைக்கும். இவர்கள் வாங்குவது ஒரு வாக்குறுதி: ‘முன்னால் போகிறவன் உன்னைவிட நன்றாக ஓட்டுகிறான், அவ்வளவுதான்.’ விதிப்புத்தகத்தின் மொத்த வேலையும் அந்த ஒரு வரியைக் காப்பாற்றுவதுதான்.

2014இல் கலிஃபோர்னியாவின் லகுனா சேகா ட்ராக்கில் எஸ்சிசிஏ என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் தேசியப் போட்டி நடந்தது. ஸ்பெக் மியாட்டா பந்தயம் முடிந்து இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முன்வரிசையில் முடித்த பல கார்கள் சிலிண்டர் ஹெட்டுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. பிரச்சினை வால்வு சீட்டுக்குக் கீழே. காற்று வருகிற போர்ட் அங்கே சட்டென்று வளைகிறது. தொழிற்சாலை மெஷின் அந்த இடத்தில் ஒரு கூரான விளிம்பை விட்டுவிட்டுப் போகும். அதை லேசாக மழித்துவிட்டால் காற்று தடையில்லாமல் பாயும், கொஞ்சம் சக்தி கூடும்.

‘கொஞ்சம்தானே’ என்பவர்களுக்கு ஒரு பதில். இந்தக் காரில் இருப்பதே கொஞ்சம்தான். இருபது கார் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நேர்ச்சாலையில் வரும்போது, ரெண்டு மூன்று குதிரைத்திறன் போதும், அடுத்த வளைவுக்குள் முதலில் மூக்கை நுழைக்க.

அடுத்த சாக்கு: “எல்லாரும் செய்யறாங்க.” அப்படியென்றால் புத்தகத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு வழி இருக்கிறது. கடிதம் எழுதலாம், கமிட்டியில் வாதாடலாம். திருத்தும்வரை, எல்லாரும் என்பதில் தன் ஹெட்டைத் தொடாமல் வைத்திருக்கிறவர் சேர்த்தியில்லை.

இன்னொரு சாக்கு கொஞ்சம் கவர்ச்சியானது: “ஏமாற்றுவதும் பந்தயக் கலைதான்.” உடனே ஸ்மோக்கி யூனிக்கை இழுத்துவருவார்கள். நாஸ்கார் பந்தயத்தில் பெட்ரோல் டேங்கின் அளவுக்குத்தான் விதி இருந்தது, குழாய்க்கு இல்லை. மனுஷன் பதினோரு அடி நீளத்தில் தடித்த குழாயைச் சுருட்டி வைத்து அதிலேயே சில கேலன் பெட்ரோலை நிரப்பினார் என்பது கதை. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அங்கே விதி மௌனமாக இருந்தது. எதிரே நின்றதும் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஸ்பெக் மியாட்டாவில் மௌனத்துக்கே அர்த்தம் எழுதிவைத்திருக்கிறார்கள்: செய்யலாம் என்று புத்தகம் சொல்லாத எதையும் செய்யக் கூடாது. இங்கே நடப்பது பக்கத்துவீட்டுக்காரர் பையில் கைவைப்பது. இதில் கலை எங்கே வந்தது?

ஓட்டுநரை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் நியாயமாகாது. கிளப் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று பாருங்கள். தேசியப் போட்டியில் பிரிப்பார்கள், சரி. உள்ளூர்ப் பந்தயத்தில் சந்தேகம் வந்தால் சக ஓட்டுநர்தான் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இன்ஜினைப் பிரித்துத் திரும்பப் பூட்டுகிற செலவுக்கு அவரே முதலில் பணம் கட்ட வேண்டும். கார் சுத்தமாக இருந்தால் அந்தப் பணம் போச்சு. வெட்டிப் புகார்களைத் தடுக்க இது தேவை என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவு என்ன? அடுத்த வாரமும் அதே கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்று ஸ்பானர் கடன் கேட்க வேண்டிய ஆள், இந்த வாரம் போலீஸ் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்க மாட்டார். பேசாமல் காரை விற்றுவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே போலீஸ் வேலையைக் கிளப்பே செய்யட்டும். ஒவ்வொரு பந்தயத்திலும் சீட்டுக் குலுக்கி ஒரு காரை எடுங்கள். ஜெயித்தவர்தான் என்றில்லை, ஒன்பதாவதாக வந்தவரும் இருக்கட்டும். ஹெட்டைக் கழற்றி அளந்து பாருங்கள். செலவை எல்லாருடைய நுழைவுக் கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிடிபட்ட ஹெட் எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பதையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள். அப்புறம் பாருங்கள், ‘எனக்கெப்படித் தெரியும்’ என்று சொல்லும் ஓட்டுநர் இன்ஜின் வாங்கும்போதே அளவுகளை எழுதிக் கேட்பார்.

ஸ்பெக் ரேஸர் ஃபோர்டு வகுப்பைப் போல இன்ஜினுக்கே சீல் வைத்துவிடலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. நல்ல வழிதான், ஆனால் விலை உண்டு. தன் கராஜில் ராத்திரி இன்ஜினைப் பிரித்துப்போட்டுக் கற்றுக்கொள்கிற சந்தோஷம் போய்விடும். நாலு பேர் மழித்த உலோகத்துக்காக நாற்பது பேர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்குவது எனக்கு ஒப்பவில்லை. அதைவிட அளந்து பார்ப்பது மேல்.

“பொழுதுபோக்குக்கு இவ்வளவு கெடுபிடியா?” என்பவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. பன்னிரண்டாவதாக வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் சுத்தம், கை சுத்தம். வீட்டுக்கு வந்து வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு, எந்த வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் மிதித்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். தனக்கு ஓட்ட வராது என்றே முடிவுகட்டிவிடுகிறார். தான் நல்ல ஓட்டுநரா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு காசையும் தூக்கத்தையும் செலவழித்தார். அந்தப் பதிலைத்தான் அவரிடமிருந்து திருடியிருக்கிறார்கள். முன்னால் போன இன்ஜினுக்குள் என்ன இருந்தது என்று உண்மையிலேயே தெரியாதவர் இவர் ஒருவர்தான்.

ஹெட்டைக் கழற்றுங்கள். அவருக்குத் தெரியட்டும்.