யாரைக் கேட்டீர்கள்?

லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்கும் நண்பர், தம் மாணவர்களை வெளியே அழைத்துப் போய்க் கள ஆய்வு நடத்த ஒரு திட்டம் வகுத்து, என் அபிப்பிராயத்தைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். கடிதமாக எழுதினால் விஷயம் அவரோடு போய்விடும். இப்படித் திட்டம் போடுகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்லவே!

2012-இல் கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற இடத்தில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதனால் அந்த வட்டாரம் புத்துயிர் பெற்றதா என்பது மாணவர்களுக்குக் கேள்வி. அவர்கள் ரயிலை விட்டு இறங்கி, 2011-இல் திறந்த பெரிய அங்காடி மாளிகையின் வழியாகப் பூங்காவுக்குள் போக வேண்டும். பத்து இடங்களில் நின்று சுத்தம், பசுமை, இரைச்சல், அழகு என்று ஒவ்வொன்றுக்கும் மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று வரை மார்க்குப் போட வேண்டும். பிறகு எதிரே வருகிறவர்களை நிறுத்தி, 'இந்த இடம் முன்னைவிட நன்றாக இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும்.

நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? பந்தியில் உட்கார்ந்திருப்பவனிடம் போய், 'சாப்பாடு கிடைத்ததா?' என்று கேட்பதற்கு ஒரு ஆய்வா? வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவனை அல்லவா ஐயா தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்!

அந்த மண் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலைக் கழிவைக் குடித்துக் கெட்டிருந்தது வாஸ்தவம். அதைத் தோண்டிக் கழுவினார்கள். 52 மின்சாரக் கோபுரங்களை அகற்றிக் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டத்தின் முதல் வரியிலேயே 'பாழ்நிலம்' என்று எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பாழ்நிலத்தில் 200-க்கும் மேற்பட்ட தொழில்கள் நடந்தன. கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் 400-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். வேறு போக்கிடம் எளிதில் கிடைக்காத ஒண்டிக்கட்டைகள் பலர். மேனர் கார்டன் என்ற இடத்தில் சுமார் நூறு வருஷமாகச் சாதாரண ஜனங்கள் பாத்தி கட்டிக் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். பாழ்நிலத்தில் எப்படி ஐயா காய்கறி காய்க்கும்? 2007-இல் இரண்டையும் காலி செய்தார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சபையில் யார் இருக்கிறார் என்பதைவிட, யார் வரவில்லை என்பதை முதலில் பார்ப்பான். பூகோள வாத்தியாருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். காரணம் சொல்கிறேன். பந்தயத்தை ஏற்ற வட்டாரங்களின் ஜனங்கள் இருபது ஆண்டுகளில் லண்டனின் மற்றவர்களுக்குச் சமமான வாழ்வு பெறுவார்கள் என்று 2009-இல் ஒரு வாக்குறுதி தந்தார்கள். சராசரியைக் கொண்டு இதை அளப்பார்கள். ஏழை ஒருவன் முன்னுக்கு வந்தாலும் சராசரி உயரும். அவன் ஊரைவிட்டே போய், பணக்காரன் ஒருவன் அவன் இடத்துக்குக் குடிவந்தாலும் உயரும்! இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுகோலைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டு, 'அளந்து வா' என்றால் எப்படி?

வீரர்கள் தங்கிய கட்டடங்கள் 2,818 வீடுகளாயின. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குறைந்த வாடகை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜனங்கள் அங்கே குடியேறிய அதே 2013-இல், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு விடுதியிலிருந்த 29 இளம் தாய்மார்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. பர்மிங்ஹாமுக்கும் மான்செஸ்டருக்கும் போகலாமே என்று யோசனை வேறு! அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2014-இல் பூங்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பில், பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்கள். நண்பரின் பத்து இடங்களில் இது ஒன்றாகக்கூட இல்லை.

'ஒரு நாளில் எவ்வளவுதான் முடியும்? பையன்களின் இறுதி மார்க்கில் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கட்டுரைக்குத்தான். கேள்வியைச் சிக்கலாக்கினால் யார் பொறுப்பு?' என்கிறார். அங்காடி மாளிகையில் ஒதுக்கியிருக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துவிடுங்கள். காலையில் முதலில் பழைய வரைபடத்தைப் பிரித்து வைத்து, எது எங்கே இருந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். கேள்வித்தாளின் முதல் கேள்வி, 'இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?' என்று இருக்கட்டும். 2005-க்கு முன் வந்தவர்களின் பதிலைத் தனியாக அடுக்குங்கள். 2001, 2011, 2021 ஜனத்தொகைக் கணக்குகளை வைத்து, சொந்த வீட்டுக்காரர் எத்தனை, வாடகைக்காரர் எத்தனை என்று ஒப்பிடட்டும். பிற்பகலில் பஸ் ஏறி ஈஸ்ட் ஹாமுக்குப் போங்கள். அதுவும் அதே நியூஹாம் வட்டாரம்தான். நம் தமிழர்கள் கடை வைத்து, கோயில் கட்டி வாழ்கிற இடம். வீட்டு வாடகையைப் பற்றி அங்கே கேளுங்கள்.

லண்டனைக் கண்ணால் பார்க்காதவன் பேசுகிறானே என்று நண்பர் நினைக்கலாம். தினம் பார்க்கிறவர் போட்ட திட்டத்தில்தானே இத்தனை பேர் விடுபட்டுப் போனார்கள்! திருத்தி அனுப்பட்டும், படித்துவிட்டு மறுபடியும் சண்டைக்கு வருகிறேன்.