பூதத்தைப் படைத்தவர் யார்?

பெரிய மிருகமொன்று பட்டணத்திற்குள் புகுந்து வீடுகளை மிதிப்பதும், ஜனங்கள் அலறி ஓடுவதுமான சினிமாப் படங்களைப் பிள்ளைகளின் வேடிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. பெரும்பாலான படங்களின் விஷயத்தில் அது சரிதான். ஆனால் 1954-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜப்பானிலுள்ள டோஹோ கம்பெனியார் வெளியிட்டதும், இஷிரோ ஹோண்டா என்பவர் டைரக்ட் செய்ததுமான "காட்ஜில்லா" என்ற படத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

அந்தக் கதையில் கடலில் போகும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றி மூழ்குகின்றன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஓடோ என்னும் தீவிலுள்ள ஒரு கிழவர், இது காட்ஜில்லா என்ற பூதத்தின் வேலை என்கிறார். முற்காலத்தில் மீன் அகப்படாதபோது பெண்ணொருத்தியைக் கடலுக்குப் பலியாக அனுப்புவார்களாம். இப்பொழுது பலிக்குப் பதிலாகக் கூத்து மட்டும் நடத்துகிறார்களாம். கூத்து நடந்த அன்றிரவே பூதம் வந்து வீடுகளை நொறுக்கிவிட்டுப் போகின்றது! கூத்தினால் ஆன பலன் இதுதான். முன்பு பலியான பெண்களால் மட்டும் என்ன பலன் ஏற்பட்டிருக்கும்?

அப்படியானால் பூதம் எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளப்பப்பட்ட பழங்காலப் பிராணி அது என்று படத்தில் யமானே என்ற பேராசிரியர் விளக்குகின்றார். இது கற்பனை. ஆனால் கற்பனைக்குப் பின்னாலிருந்த சங்கதி கற்பனையல்ல. அவ்வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்க சர்க்கார் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தார்கள். 60 லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமமாயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதுவோ 1½ கோடி டன்னுக்குச் சமமாக வெடித்தது. அபாய எல்லை என்று அவர்களே குறித்த இடத்திற்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது சாம்பல் மழையாய்ப் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்த குபோயாமா என்பவர் செப்டம்பர் 23-ந் தேதி இறந்தார். எந்தச் சாமியின் கோபம் இது?

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் செய்த வேலையை!" என்று புரோகிதக் கூட்டத்தார் இவ்விடத்தில் கைதட்டக்கூடும். அவர்களுக்கு நமது பதில் இதுதான்: பெரியம்மையைத் தெய்வத்தின் கோபம் என்று கும்பிட்டுக் கிடந்த காலமெல்லாம் அது போகவில்லை. தடுப்பூசியினால் ஒழிந்தது, உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். ஊசியைச் செய்ததும் அறிவுதான், குண்டைச் செய்ததும் அறிவுதான். வித்தியாசம் எங்கே இருக்கின்றது? ஊசி எல்லோருக்கும் தெரிந்து, எல்லோருக்காகவும் செய்யப்பட்டது. குண்டோ ஒரு சிலர் இரகசியமாய்ச் செய்து, யாரையும் கேட்காமல் வெடித்தது. ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைத்து வைக்கப்படும் அறிவு, கோயில் கருவறையில் மறைத்து வைக்கப்படும் மந்திரத்தைவிட எந்த விதத்தில் மேலானது?

படத்திலேயும் இந்தச் சண்டை வருகின்றது. பூதம் குண்டினால் வந்தது என்பதை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும், ஆதலால் மறைக்க வேண்டும் என்கிறார் ஒரு பிரதிநிதி. உண்மையைச் சொல்லுங்கள் என்று அங்குள்ள பெண்கள் சீறுகிறார்கள். இதே படத்தை 1956-ல் அமெரிக்காவில் திருத்தி வெளியிட்டபோது குண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். மறைக்கச் சொன்ன பிரதிநிதி கதையில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கவில்லையா?

கடைசியில் செரிசாவா என்ற விஞ்ஞானி தாம் கண்டுபிடித்த ஒரு கருவியால் பூதத்தைக் கொல்லுகிறார். அக்கருவி யுத்தக்காரர் கையில் சிக்கிவிடுமென்று பயந்து, காகிதங்களை எரித்துவிட்டுத் தாமும் கடலடியில் மாண்டு போகிறார். அவருடைய நாணயத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவர் வழியை ஒப்புக்கொள்ள முடியாது. ஒருவர் எரித்ததை மற்றொருவர் நாளைக்குக் கண்டுபிடிப்பார். ஒரு யோக்கியர் சாவதால் உலகம் தப்பும் என்பதும் ஒரு விதப் பலி நம்பிக்கையே அல்லவா?

மெய்யான வழியைக் காட்டினவர்கள் டோக்கியோவில் சுகினாமி பகுதியிலுள்ள சாதாரணக் குடும்பப் பெண்களும் மீன் வியாபாரிகளுமாவார்கள். 1954-ல் அவர்கள் வீடு வீடாய்ச் சென்று குண்டுக்கு விரோதமாகக் கையெழுத்து வாங்கினார்கள். அது ஜப்பான் முழுதும் பரவி, 1955-ல் 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. பல நாடுகளிலும் எழுந்த இத்தகைய கிளர்ச்சிகளின் பயனாக, 1963-ல் ஆகாயத்திலும் கடலிலும் குண்டுச் சோதனை கூடாதென்று அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டன. பூமிக்கடியில் வெடிக்க அதில் தடையில்லை. எனவே வேலை பாதிதான் முடிந்தது.

ஆகவே தோழர்களே! இனி எங்கேயாவது பூதம் வந்தது, சாமி கோபித்தது என்று யாராவது சொன்னால் கும்பிடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். அதைப் படைத்தவர் யார், அதனால் பிழைப்பவர் யார், அதை மறைப்பவர் யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.